லோனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்சூரன்ஸ்: பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் வேலையும் உண்டு. சந்தை நாளில் கேரி பேக் நிறையக் காகிதத்தோடு வருகிறவர்கள் அதிகம். ஆதார், பாஸ்புக், லோன் அட்டை எல்லாம் கண்ணாடி மேல் கவிழும்போது, கேட்காமலே ஊராரின் கடன் கணக்கு எனக்குத் தெரிந்துவிடுகிறது. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "80 ஆயிரம்னு கையெழுத்து வாங்கினாங்க தம்பி, 75 கூட ஏறலையே, மீதி எங்க போச்சு?"

மீதியில் பெரும்பகுதி இன்சூரன்ஸுக்குப் போயிருக்கும். கேட்காமல், சொல்லாமல், சில சமயம் "இது போட்டாத்தான் லோன்" என்று மிரட்டி எடுத்த பணமாக இருந்தால் திரும்பக் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். என் சின்னம்மாவுக்காக நான் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பிடித்தத்தைக் கணக்குப் போடுங்கள்

சின்னம்மா பாலக்கோடு பக்கம். கறவை மாடு வாங்க ஒரு குழு லோன் எடுத்தார். லோன் 80,000. பேங்க் பாஸ்புக்கில் ஏறியது 74,926. குறைந்தது 5,074. லோன் அட்டையை வாங்கி வரி வரியாகப் பார்த்தோம். செயலாக்கக் கட்டணம் 800, அதற்கு ஜிஎஸ்டி 144. கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் காப்பீடு 2,360. கடைசி வரியில் 1,770 ரூபாய்க்கு 'ஹாஸ்பிடல் கேஷ்' என்று ஒன்று. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பாலிசி அது. அப்படி ஒன்று இருப்பதே சின்னம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், பலர் கவனிக்காத இடம் இது. இரண்டு பாலிசிக்கும் சேர்த்துப் போனது 4,130 ரூபாய். ஆனால் அது அவர் கையிலிருந்து போன பணம் இல்லை, லோனிலிருந்து எடுத்த பணம். அதற்கும் வட்டி ஓடுகிறது. 24 சதவீத வட்டி, 24 மாதத் தவணை என்றால் அந்த 4,130 ரூபாய்க்கு மட்டும் மாதம் சுமார் 218 ரூபாய் தவணையில் சேரும். முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய 5,240. கேட்காத பொருளை வாங்க வைத்து, அதை வாங்கக் கடனும் கொடுத்து, அந்தக் கடனுக்கு வட்டியும் வாங்குகிறார்கள். கந்துவட்டிக்காரர்களை நாம் திட்டுகிறோம், நியாயம்தான். ஆனால் அவர்கள்கூட வட்டியை வட்டி என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: லோன் ஒப்பந்தம் அல்லது லோன் அட்டை, பணம் ஏறிய பேங்க் பாஸ்புக் பக்கம், அப்புறம் கேஎஃப்எஸ் என்கிற முக்கிய விவரத்தாள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கெல்லாம் இந்தத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்சூரன்ஸுக்காகப் பிடிக்கும் பணமும் அதில் வர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு "எல்லாம் இதுல இருக்கு" என்றால், அதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், புகாரில் உதவும்.

குழு லோன்காரர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான மைக்ரோஃபைனான்ஸ் கடன் பற்றி 2022இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் தவிர வேறு எதை விற்றாலும் முழுச் சம்மதத்தோடுதான் விற்க வேண்டும், அதன் கட்டணத்தை லோன் அட்டையிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது: சம்மதம் எப்படி வாங்கினார்கள் என்று தேடுங்கள்

கம்பெனிக்காரர்கள் முதலில் சொல்லப்போவது, "நீங்க சம்மதிச்சுத்தானே கையெழுத்து போட்டீங்க" என்பதுதான். அதற்குப் பதில் உங்கள் போனிலேயே இருக்கலாம்.

சின்னம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மெசேஜ்களை அவர் அழிப்பதே இல்லை, அழிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். லோன் ஏறிய நாளுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு நிமிட இடைவெளியில் இரண்டு ஓடிபி. முதலாவது லோனுக்கு. இரண்டாவதில் இன்சூரன்ஸ் திட்டத்தில் சேரச் சம்மதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "அந்தப் பையன் ஓடிபி சொல்லுக்கா, இன்னொண்ணு வரும் அதையும் சொல்லு, அப்பத்தான் லோன் ஏறும்னான் கண்ணு. ரெண்டையும் சொன்னேன்." அவ்வளவுதான், சம்மதம் முடிந்தது. அந்தத் திரையை நான் என் போனில் படம் எடுத்து, தேதி நேரம் தெரிகிற மாதிரி பிரிண்ட் போட்டுவைத்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள்.

மூன்றாவது: பாலிசி காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

லோன் கொடுத்தவர் ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனி வேறு ஒருவர். லோன் கொடுத்தவர் பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸை விற்றதற்குக் கமிஷன் வாங்கும் ஏஜெண்ட். அதனால் எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன, யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு, எத்தனை வருடத்துக்கு என்பதெல்லாம் முதலில் தெரிய வேண்டும். குழுப் பாலிசி என்றால் 'காப்பீட்டுச் சான்றிதழ்' என்று ஒரு தாள் உங்கள் பெயரில் இருக்கும். கிளையில் கேளுங்கள். "மெயில்ல அனுப்பிட்டோம்" என்பார்கள். எந்த மெயில் என்று கேளுங்கள். சின்னம்மாவுக்கு மெயிலே கிடையாது. சான்றிதழில் இருந்த செல் நம்பரும் அவருடையது இல்லை, யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். நாமினி பெயர் சரியா? வயது சரியா? உடல்நல உறுதிமொழியில் "சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை" என்று அவர்களே டிக் போட்டிருக்கிறார்களா? பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அப்படி டிக் போட்டிருந்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் அதைக் காட்டியே கிளெய்மை மறுக்கப் பார்ப்பார்கள். பணமும் போய், பாதுகாப்பும் இல்லாத நிலை அது.

நான்காவது: வேண்டுமா, வேண்டாமா?

ரத்து செய்வதற்கு முன் யோசியுங்கள். இன்சூரன்ஸ் கெட்ட சரக்கு கிடையாது. லோன் எடுத்தவர் இறந்துபோனால் மிச்சக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு, கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு உண்மையிலேயே உதவும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: பேங்க் கணக்கு வழியாகச் சேரும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, சேரும் வயது 18 முதல் 50 வரை. விபத்துக்கான சுரக்ஷா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய். இவை ஏற்கெனவே உங்கள் கணக்கில் ஓடுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

சின்னம்மா ஆயுள் காப்பீட்டை வைத்துக்கொள்ள முடிவு செய்தார். சித்தப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை, சாரத்தில் ஏறி இறங்குகிறவர். ஹாஸ்பிடல் கேஷ் மட்டும் வேண்டாம் என்றார். நான் இரண்டையும் ரத்து செய்யச் சொல்லியிருப்பேன், ஆனால் அது அவர் பணம்.

ஐந்தாவது: கடிதம்

பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். 'ஃப்ரீ லுக்' என்பார்கள். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை போன்றவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். உங்கள் சான்றிதழிலும் இந்த நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கவனியுங்கள், லோன் எடுத்த நாளிலிருந்து 30 நாள் என்று சொல்லவில்லை. காகிதம் கிடைத்த நாளிலிருந்து. பாலிசியே கையில் வராதவருக்கு "நாள் முடிஞ்சுபோச்சு" என்று சொன்னால், எப்போது, யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஆதாரம் கேளுங்கள்.

30 நாள் உண்மையிலேயே கடந்திருந்தாலும் விட்டுவிட வேண்டாம். அப்போது கேட்பது வேறு மாதிரி: சம்மதம் இல்லாமல் தவறாக விற்றார்கள், ஆகவே முழுப் பணமும் வேண்டும் என்று. லோனை முன்கூட்டியே அடைத்துவிட்டவர்கள், மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் என்ன திரும்ப வரும் என்று கேட்கலாம்.

நான் எழுதியது இது. பெயர், எண்களை மாற்றி அப்படியே பயன்படுத்துங்கள்:

"ஐயா, நான் உங்கள் கிளையில் இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள கடன் பெற்றேன். அதிலிருந்து ரூ.1,770 இன்சூரன்ஸுக்காகப் பிடிக்கப்பட்டுள்ளது. அந்தப் பாலிசி பற்றி எனக்கு எதுவும் விளக்கப்படவில்லை. கடனுக்கான ஓடிபி என்று சொல்லி இரண்டாவது ஓடிபியும் கேட்டு வாங்கப்பட்டது. பாலிசி ஆவணம் இந்தத் தேதியில்தான், நான் கேட்ட பிறகு, எனக்குக் கிடைத்தது. இந்தப் பாலிசி எனக்கு வேண்டாம். இதை ரத்து செய்து, பிடித்த தொகையையும் அதன்மேல் நான் கட்டிய வட்டியையும் என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் சம்மதித்ததாக நீங்கள் கருதினால் அதற்கான ஆதாரத்தின் நகலைத் தரவும்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கோபத்தைக் கடிதத்தில் காட்டினால் அதற்குத்தான் பதில் வரும், பணத்துக்கு வராது. ஒன்று லோன் கொடுத்த இடத்துக்கு, ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம், நேரே தபால் ஆபீஸ் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் காகிதம் எதையும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். (கடைக்காரன் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம்.)

ஆறாவது: பதில் வராவிட்டால்

இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு வாரத்துக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் பதியலாம், அல்லது 155255க்கு போன் செய்யலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். வீடியோ வழியாகவும் விசாரிக்கிறார்கள் என்பதால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும் என்று பயப்படாதீர்கள். கம்பெனி மறுத்த பிறகு, அல்லது ஒரு மாதம் பதிலே வராத பிறகு, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

லோன் கொடுத்த பேங்க் அல்லது ஃபைனான்ஸ் மேல் புகார் என்றால் அது ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் பக்கம். முதலில் அவர்களுக்கு எழுதி 30 நாள் காத்திருந்த பிறகு, ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்ஸில் பதியலாம். விவரம் கேட்க 14448. இணையம் வேண்டாம் என்றால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தமிழிலேயே கடிதம் போடலாம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எடுத்த கடனுக்கு இந்த வழி இல்லை, அதற்குக் கூட்டுறவு இணைப்பதிவாளரிடம் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தனித்தனியே உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். சிறு தொகைக்கு முதலில் ஆம்புட்ஸ்மேன்தான் நல்லது என்பது என் எண்ணம்.

இடையில் வரும் தொல்லைகள்

தவணையை நிறுத்தாதீர்கள். "இன்சூரன்ஸ் பணத்தைத் தந்தாத்தான் டியூ கட்டுவேன்" என்று உட்கார்ந்தால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும், குழுவில் மற்றவர்களோடும் மனஸ்தாபம் வரும். புகார் வேறு, டியூ வேறு.

"பணம் வாங்கித் தர்றேன், பாதி எனக்கு" என்று ஆள் வருவார்கள். போனிலும் வருவார்கள், இன்சூரன்ஸ் ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்று. ஆணையம் யாருக்கும் போன் போட்டுப் பணம் தருவதாகச் சொல்வதில்லை. பிரிட்டனில் இதே மாதிரி லோனோடு ஒட்டி விற்ற இன்சூரன்ஸுக்காக வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பித் தர வேண்டிவந்தது. அங்கே புகார் கொடுக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாளாக இருந்தது. சாதாரண மனிதர்கள் ஒரு கடிதத்தில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு அங்கேயும் இடைத்தரகர்கள் புகுந்து பங்கு வாங்கினார்கள். கடைசியில் அவர்கள் கூலிக்கு அரசே வரம்பு வைக்க வேண்டியிருந்தது.

பயிர்க் காப்பீட்டையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2020 காரிஃப் பருவத்திலிருந்து பயிர்க் கடன் வாங்கியவர்களுக்கும் அது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். மழையை நம்பி நிலக்கடலை போடுகிறவர் அதை விடுவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்கட்டும்.

சின்னம்மாவுக்கு என்ன ஆனது? கடிதம் போன பத்தாம் நாள் கிளையிலிருந்து ஆள் வந்தார். "எதுக்குக்கா லெட்டர் எல்லாம், நேர்ல சொல்லியிருந்தா செஞ்சிருப்போமே" என்றார். அடுத்த லோன் சிரமம் என்றும் சாடையாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன தேதியை நான் நோட்டில் எழுதிவைத்தேன், அதற்கு வேலை வரவில்லை. மூன்றாவது வாரம் 1,770 ரூபாய் கணக்கில் ஏறியது. வட்டியைத் தரவில்லை. அதற்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். இப்போது சின்னம்மா போனுக்கு எந்த ஓடிபி வந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது, கேஸ் சிலிண்டருக்கு வந்தாலும் சரி.