நாடகமேடை நம்பிக்கைகள்: காரணம் சொல்லப் புகுந்து செய்யும் தவறுகள்

மேடையேறப் போகும் ஆங்கில நடிகரிடம் யாரும் 'வெற்றி கிட்டட்டும்' என்று வாழ்த்துவதில்லை. 'காலை உடைத்துக்கொள்' என்பார்கள். ஏன் என்று கேட்டால் லிங்கன் கதை வந்து விழும். 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டன் ஃபோர்டு அரங்கில் அவரைச் சுட்ட நடிகர் ஜான் வில்க்ஸ் பூத், மாடத்திலிருந்து மேடைக்குக் குதித்தபோது கால் முறிந்ததாம். வாழ்த்து அங்கே பிறந்ததாம். பூத்தின் கால் முறிந்தது உண்மைதான். ஆனால் அந்த வாழ்த்து அச்சில் தலைகாட்டுவது 1920-களில்தான். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவரும் அதை எழுதிவைக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? 1921-இல் ராபர்ட் லிண்ட் என்ற கட்டுரையாளர் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டதும் குதிரைப் பந்தயத்தையொட்டித்தான், நாடகத்தையொட்டி அல்ல. பொருத்தமான சம்பவம் ஒன்று கையில் சிக்கியதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற அச்சமே இதற்குப் போதுமான விளக்கம். குழந்தையின் கன்னத்தில் மையிடுகிற நமக்கு அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடக விஷயம் இன்னும் சுவையானது. அரங்குக்குள் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, 'ஸ்காட்லாந்து நாடகம்' என்றே சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னவர் வெளியே போய் மூன்று சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு, கதவைத் தட்டி அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும். அந்த நாடகத்துக்கு ஒரு சாபம் உண்டு என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஹால் பெரிட்ஜ் என்ற சிறுவனின் கதை: 1606-இல் மேக்பெத் சீமாட்டியாக நடிக்கவிருந்த அவன் திடீரென நோயில் விழ, ஷேக்ஸ்பியரே அந்த வேடத்தைப் போட்டாராம். அப்படி ஒரு சிறுவன் இருந்ததற்குச் சான்றே இல்லை. 1898-இல் மேக்ஸ் பீர்போம் என்ற நையாண்டி எழுத்தாளர், பழைய நூலாசிரியர் ஜான் ஆப்ரி சொன்னதாக இதை அவிழ்த்துவிட்டார். ஆப்ரியின் எழுத்தில் தேடினால் அப்படி எதுவும் இல்லை. நாடகத்தைப் பார்த்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பே 1611-இல் சைமன் ஃபோர்மன் எழுதியதுதான். அதற்கு ஐந்தாண்டு முந்தைய ஒரு காட்சியில் யார் காய்ச்சலில் படுத்தார் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

விபத்துகளை மட்டும் எண்ணிக் கணக்குப் பார்ப்பது இன்னொரு தவறு. 1849 மே 10 அன்று நியூயார்க் ஆஸ்டர் பிளேஸ் அரங்கில் 'மேக்பெத்' நடந்துகொண்டிருக்க, வெளியே திரண்டவர்கள்மீது படையினர் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணம் நாடகத்தில் வரும் சூனியக்காரிகள் அல்லர். ஆங்கில நடிகர் மக்ரெடிக்கும் அமெரிக்க நடிகர் ஃபாரஸ்டுக்கும் இருந்த பகையும், அதன் பின்னால் இருந்த வர்க்கக் கோபமும்தான். வாள்சண்டையும் இருட்டும் நிறைந்த நாடகம் நான்கு நூற்றாண்டாக ஓயாமல் நடந்தால், அடிபட்டவர் கணக்கு நீளத்தான் செய்யும்.

எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒதுக்கினாலும் பிழைதான். ஆளில்லாத மேடையில் இரவெல்லாம் எரியும் ஒற்றை விளக்கு பேய்களுக்காக என்பார்கள். அது இல்லையென்றால், காலையில் முதலில் வருபவர் இருட்டில் இசைக்குழுப் பள்ளத்துக்குள் விழுவார்.

கடைசியாக ஒரு நடைமுறைத் தவறு. இத்தாலியில் 'ஓநாயின் வாய்க்குள் போ' என்று வாழ்த்தினால் நன்றி சொல்லிவிடக்கூடாது. வாழ்த்தின் பலனே போய்விடுமாம். 'ஓநாய் சாகட்டும்' என்பதே வழக்கமான பதில். விலங்குகள்மீது பரிவுள்ள சிலர் இப்போது 'வாழ்க ஓநாய்' என்கிறார்கள்.