லாஸ் வேகாஸ் போக்கர் மேசையில் முதல்முறை உட்காருகிறவருக்கு

லாஸ் வேகாஸ் காசினோக்களில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன மேசை ‘ஒன்-த்ரீ நோ லிமிட் ஹோல்டம்’. சீட்டுப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயத்தில் ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 3 டாலர். ஆட்டம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, மேசையில் நடந்துகொள்ளும் முறையை மட்டும் இங்கே சொல்கிறோம். வீட்டில் ரம்மி ஆடிய கைப்பழக்கம் அங்கே செல்லாது. சில தவறுகளைச் சீட்டுப் போடும் டீலர் சிரித்துக்கொண்டே திருத்துவார். சிலவற்றுக்குக் காசு போகும்.

21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். போக்கர் அறை முகப்பில் பெயர் கொடுத்துக் காத்திருங்கள். காலி நாற்காலி கண்ணில் பட்டாலும் நீங்களாகப் போய் உட்காரக் கூடாது. குறைந்தது 100 டாலருக்குச் சிப் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லை) வாங்க வேண்டியிருக்கும். மேல்வரம்பு அறைக்கு அறை மாறும். சிவப்புச் சிப் 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. பெரிய சிப்கள் எல்லோருக்கும் தெரியும்படி முன்வரிசையில் இருக்க வேண்டும். ஜெயித்ததில் கொஞ்சத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவது விதிமீறல். மேசைக்கு வந்த பணம் நீங்கள் எழுந்து போகும்வரை மேசையில்தான் இருக்கும்.

புதியவர் அதிகம் மாட்டிக்கொள்வது பந்தயம் வைக்கும் விதத்தில். ஒருவர் 15 டாலர் வைத்திருக்கிறார். நீங்கள் வாய் திறக்காமல் ஒரே ஒரு 100 டாலர் சிப்பை முன்னால் வைத்தால் அது வெறும் ‘கால்’தான், அதாவது அவர் வைத்ததற்குச் சமமாக வைப்பது; 85 டாலர் திரும்பி வந்துவிடும். ஏற்ற வேண்டுமானால் சிப் கையை விட்டுப் போகுமுன் ‘ரெய்ஸ்’ என்று சொல்ல வேண்டும். முதலில் 15 வைத்துவிட்டு, கையைத் திரும்பக் கொண்டுபோய் இன்னொரு 30 எடுத்து வைப்பது ‘ஸ்ட்ரிங் பெட்’. இரண்டாவது தொகை செல்லாது. முதல் பாதியை வைக்கும்போதே எதிராளியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு மீதியைத் தீர்மானிக்க முடியும் என்பதால்தான் இந்தத் தடை. சினிமாவில் வருவதுபோல ‘கால்... அதற்குமேல் இன்னும் 30’ என்றாலும் முதல் சொல்தான் நிற்கும்.

தொகையைச் சொல்லும்போது மொத்தமாகச் சொல்லுங்கள்: ‘ஃபார்ட்டி ஃபைவ் டோட்டல்’. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அந்த இரைச்சலில் ஒரே மாதிரிக் கேட்கும். அனுபவசாலிகள் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஓ’ என்று பிரித்துச் சொல்வது இதற்காகத்தான். விரலால் மேசையில் தாளம் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் முறையில் தட்டினால் அது ‘செக்’, அதாவது பந்தயம் வைக்காமல் முறையை விடுவது.

முறை வருமுன் சீட்டைத் தூக்கிப் போடுவது நம் ஊர் ஆட்டத்தில் யாரையும் உறுத்தாது. இங்கே அது மூன்றாம் ஆளைப் பாதிக்கிறது. உங்களுக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, பின்னால் ஒருவர் குறைந்துவிட்டார் என்ற தகவல் இலவசமாகக் கிடைக்கிறது. அதே காரணத்துக்காக, ஃபோல்ட் செய்த (விலகித் தூக்கிப் போட்ட) சீட்டைப் பக்கத்திலிருப்பவரிடம் காட்டக் கூடாது, என்ன இருந்தது என்று முணுமுணுக்கவும் கூடாது.

இரண்டு தமிழர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுற்று நடக்கும்போது ஆங்கிலம் மட்டும். ‘சாப்பிடப் போலாமா’ என்று கேட்டிருந்தாலும், புரியாதவர்களுக்கு அது கூட்டுக்களவாணித்தனமாகத்தான் படும். சுற்று முடிந்ததும் இடைவெளியில் பேசிக்கொள்ளலாம்.

சீட்டுகளை மேசையிலிருந்து தூக்காமல் ஓரத்தை மட்டும் மடக்கிப் பாருங்கள். பிறகு மேலே ஒரு சிப்பை வையுங்கள். டீலருக்கு இருபுறமும் உட்காருபவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். காப்பில்லாத சீட்டை டீலர் கழிவுக்குவியலோடு வாரிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கை செத்ததுதான்.

கடைசிப் பந்தயச் சுற்றில் கடைசியாகப் பந்தயம் வைத்தவரோ ஏற்றியவரோதான் முதலில் காட்ட வேண்டும். யாரும் பந்தயம் வைக்கவில்லை என்றால் பட்டனுக்கு (கைக்குக் கை நகரும் அடையாள வட்டு) இடப்பக்கம் இருப்பவரிலிருந்து தொடங்கும். ஜெயிக்கும் சீட்டு உங்களிடம் இருப்பது நிச்சயமென்றால் உடனே இரண்டையும் திருப்பிப் போடுங்கள். எதிராளி ஜெயித்ததாக நம்பி மகிழும்வரை காத்திருந்து மெதுவாகத் திருப்புவது விதிப்படி குற்றமில்லை, ஆனால் மேசையில் இதைவிடக் கேவலமாகப் பார்க்கப்படும் செயல் இல்லை. பணம் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டை விடாதீர்கள். ‘ரெண்டு ஜோடி’ என்று எதிராளி வாயால் சொன்னதை நம்பித் தூக்கிப் போட்டுவிட்டு, அவரிடம் ஒரு ஜோடிதான் என்று பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) ஜெயித்தால் டீலருக்கு 1 டாலர் கொடுப்பது வழக்கம், பெரிய பாட் என்றால் கொஞ்சம் கூட. பிளைண்ட் மட்டுமே கிடைத்த கைக்குத் தேவையில்லை. தோற்ற எரிச்சலை அவர் மேல் காட்டாதீர்கள். தகராறு வந்தால் அவரோடு வாதாட வேண்டாம். ‘ஃப்ளோர்’ என்று கூப்பிட்டால் மேற்பார்வையாளர் வந்து தீர்ப்புச் சொல்வார்.

ஜெயித்த கையோடு எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு, விளக்கம் தரத் தேவையில்லை. ரேக் (சிப் அடுக்கும் தட்டு) கேட்டு வாங்கிச் சிப்களை அடுக்கி, கேஜில் (காசாளர் முகப்பில்) கொடுங்கள். ஒரு ரேக்கில் 100 சிப்கள் அடங்கும். சிவப்பு நிறைந்தால் 500 டாலர்.