ஒன்ராறியோவில் வீட்டைச் சூடாக்கப் புவிவெப்பப் பம்பி: நிலத்தின் கீழ் செய்யும் வேலையைச் சரியாகச் செய்விப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக் கிணற்றில் மார்கழி விடியலில் அள்ளிய தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சித்திரை நண்பகலில் அள்ளியது குளிர்மையாகவும் இருந்ததை உடம்பால் அறிந்தவர்களுக்குப் புவிவெப்பப் பம்பியின் அடிப்படையை விளக்க அதிகம் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீரின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, மேலே வீசும் காற்றுத்தான் மாறுகிறது. ரொறன்ரோவைச் சுற்றிய பகுதிகளில் பத்து மீற்றருக்குக் கீழே நிலம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 9 முதல் 10 பாகை செல்சியசில் நிற்கிறது. நிலத்துள் இறக்கிய குழாயில் சுற்றிவரும் திரவம் அந்த வெப்பத்தை எடுத்துவர, நிலவறையில் நிற்கும் பம்பி அதை மேலும் உயர்த்தி வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு பங்கு வெப்பம் கிடைக்கிறது.

விலைக்கூறல் கேட்கும்போது பலரும் பம்பியின் பெயரையும் அதன் உத்தரவாதத்தையுமே விசாரிக்கிறார்கள். பம்பி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் எப்படியும் மாற்றப்படப் போகிறது. நிலத்துள் போகும் குழாயோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடக்கவேண்டியது, ஒருமுறை மூடியபின் திறந்து திருத்தவும் முடியாதது. ஆகவே உங்கள் கேள்விகளில் பெரும்பங்கு நிலத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

துளையிடுபவரை அழைப்பதற்கு முன்னர் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுவியுங்கள். கனடாவில் இதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற முறை உள்ளது. சுவர், யன்னல், கூரை, காற்றுக்கசிவு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, மிகக் குளிரான நாளில் வீடு எத்தனை கிலோவாற் இழக்கிறது என்று அது சொல்லும். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டு அளவு சொல்பவரையும், பழைய எரிவாயு ஃபேர்னசின் அளவையே பம்பிக்கும் எழுதித் தருபவரையும் நம்பவேண்டாம், ஏனெனில் அந்த ஃபேர்னஸ்கள் பெரும்பாலும் தேவைக்கு மேற்பட்டவை. கணக்கிடுவதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு: கூரைக்கடியில் இன்சுலேஷனைக் கூட்டி, யன்னல் ஓரங்களின் கசிவை அடைத்துவிடுங்கள். குறைக்கும் ஒவ்வொரு கிலோவாற்றும் துளையின் நீளத்தில் பல மீற்றர்களை மிச்சப்படுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டின் இழப்பு 10.5 கிலோவாற் என்று வைத்துக்கொண்டால், அதுவே தொழிலில் மூன்று தொன் எனப்படும் (இங்கே தொன் என்பது எடையல்ல, ஏறத்தாழ 3.5 கிலோவாற் வெப்பம்). ஒரு தொன்னுக்கு 150 முதல் 200 அடித் துளை என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே மொத்தம் 450 முதல் 600 அடி, அதாவது ஏறத்தாழ 140 முதல் 180 மீற்றர் தேவைப்படும். இரண்டு துளைகளாகப் பிரித்தால் அவற்றுக்கிடையே ஐந்து, ஆறு மீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். நெருக்கமாகப் போட்டால் ஒரே மண்ணிலிருந்து இரண்டும் வெப்பத்தை உறிஞ்ச, நிலம் ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்து, ஐந்தாறு மாரிகளுக்குப் பிறகே குறை தெரியவரும். ஏக்கர் கணக்கில் காணி உள்ள கிராமப்புறத்தில் 1.8 மீற்றர் ஆழத்து அகழிகளில் குழாயைக் கிடையாகப் பரப்பலாம், செலவும் குறையும். ஸ்காபரோ, மார்க்கம் பின்வளவுகளுக்குச் செங்குத்துத் துளையே பொருந்தும்.

அனுமதி விடயத்தில் அவசரம் கூடாது. துளையிடும்போது இயற்கை எரிவாயு வெளிப்படும் ஆபத்து இருப்பதால், ஐந்து மீற்றருக்கு மேல் ஆழமான செங்குத்து மூடிய சுற்றுகளுக்கு (அதாவது ஒரே திரவம் குழாய்க்குள்ளேயே சுற்றிவரும் அமைப்புகளுக்கு) 2012 முதல் மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சின் அங்கீகாரம் தேவை. துளையிடும் நிறுவனத்திடம் அது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவை இலவசமானது, அதை அழைக்காமல் ஒரு மண்வெட்டிகூட நிலத்தில் இறங்கக்கூடாது.

துளையிடும் நாளில் வீட்டில் நில்லுங்கள். சாம்பல்நிறச் சேறு வளவெங்கும் வழியும், அது வழமையானதே. நீங்கள் பார்க்கவேண்டியவை வேறு. துளையின் அடியில் குழாய் திரும்பி மேலேறும் அடிவளைவு தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டப்பட்டதாக இருக்கவேண்டும். இறக்குவதற்கு முன்னரும் பின்னரும் அழுத்தச் சோதனை நடக்கவேண்டும், துளைக்குள் நிற்கும் நீரில் மிதந்து மேலே வராமலிருக்கக் குழாயைத் தண்ணீரால் நிரப்பியே இறக்கவேண்டும். மண்ணுக்குள் போகும் மூட்டுகள் யாவும் உருக்கி ஒட்டியவையாக இருக்கவேண்டும். அங்கே இறுக்குக் கவ்விக்கு இடமில்லை. நல்ல ஒட்டில் இரு விளிம்புகளிலிருந்தும் பிளாஸ்ரிக் ஒரே அளவான உருளை வளையமாகச் சுற்றிவரப் பிதுங்கி நிற்கும், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் வெட்டிவிட்டு மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள்.

பெந்தோனைற்றுக் களிக்கலவையால் துளையை நிரப்பும் வேலையே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் எண்ணம். தனிக் குழாய் ஒன்றைத் துளையின் அடிவரை விட்டு, கலவையைக் கீழிருந்து மேல்நோக்கி ஏற்றவேண்டும். முதலில் கலங்கல் நீர் வழியும், பிறகு கூழ்போன்ற தடித்த கலவை துளைவாயில் வந்து நிற்கும். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் மேலும் ஊற்றவேண்டும். மேலிருந்து கொட்டினாலோ, தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளினாலோ நடுவில் வெற்றிடங்கள் எஞ்சும், அந்த இடங்களில் வெப்பம் குழாயை எட்டாது. நிலத்தடி நீரும் மேல்மண்ணின் அழுக்கோடு கலக்கும்.

துளையிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்கள் உறைபனி எட்டும் 1.2 மீற்றருக்குக் கீழே போகவேண்டும். அகழியை மூடுமுன், வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து தூரத்தை அளந்து, அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அப்படி எடுத்துவைக்காத ஒரு வீட்டில், வேலித்தூணுக்குத் தோண்டியவர் குழாயையே துளைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, குழாய்ச் சுற்றுக்குள் இருக்கும் காற்றையும் தூளையும் வலுவான நீர்ப்பம்பியால் வெளியேற்றவேண்டும். நீர் வினாடிக்கு 0.6 மீற்றருக்குக் குறையாத வேகத்தில், இரு திசைகளிலும், வாளியில் குமிழி வருவது நிற்கும்வரை ஓடவேண்டும். பின்னரே உறைதடுப்பான் சேர்ப்பது. மாரி முடிவில் திரும்பிவரும் திரவம் பூச்சியத்துக்கு அண்மையில் இருக்கலாம், பம்பிக்குள் அது மேலும் குளிரும் என்பதால், உறைநிலையை அதற்கான கருவியால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாகனத்துக்கு ஊற்றும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

வீட்டுக்குள் கவனிக்கவேண்டியது காற்றுக்குழாய். எரிவாயு ஃபேர்னஸ் 50 பாகைக்கு மேல் சூடான காற்றைத் தரும். பம்பி தருவது 32 முதல் 40 பாகைதான். அதே வெப்பத்துக்கு அதிகக் காற்று ஓடவேண்டியிருப்பதால், ஒடுங்கிய பழைய குழாய்களில் இரைச்சல் எழும், தொலைவான அறைகள் குளிரும். குழாய்களை முதலிலேயே அளப்பித்து, வேண்டியவற்றை அகலமாக்குங்கள். பம்பிக்கு உதவியாக வைக்கும் மின் துணைச் சூடாக்கி 10 கிலோவாற் என்றால் அது மட்டும் ஏறத்தாழ 42 அம்பியர் இழுக்கும், ஆகவே 100 அம்பியர் மின்பெட்டி உள்ளவர்கள் உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

எண்ணெய், புரோபேன், மின்சுவர்ச் சூடாக்கி ஆகியவற்றை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இந்த முதலீட்டை நான் தயங்காமல் சொல்வேன். மலிவான எரிவாயுக் குழாய் வாசலிலேயே இருப்பவர்களுக்குப் போட்ட பணம் திரும்ப நீண்டகாலம் எடுக்கும். அவர்கள் பழைய ஃபேர்னசும் குளிரூட்டியும் ஒருசேர மாற்றவேண்டிய ஆண்டுவரை பொறுப்பது நல்லது.

இயக்கிவைக்கும் நாளில், நிலத்திலிருந்து வரும் திரவத்தின் வெப்பநிலையையும் திரும்பிப் போவதன் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதிப் பம்பியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். வித்தியாசம் வழமையாக மூன்று முதல் ஆறு பாகைக்குள் இருக்கும். ஒவ்வொரு தை மாதமும் அதே அளவீட்டை எடுத்து அதே தாளில் அடுத்த வரியாக எழுதிவந்தால், வித்தியாசம் கூடும்போது திரவ ஓட்டம் குறைந்திருப்பதும், வரும் திரவம் ஆண்டுதோறும் குளிர்ந்துகொண்டே போனால் துளை போதாமலிருப்பதும், வீடு குளிருமுன்னரே உங்களுக்குத் தெரிந்துவிடும்.