வலுவான டெராஹேர்ட்ஸ் துடிப்பு எடுக்கும் வழி

கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். எஞ்சின் தோணி தன் அலையையே முந்தி ஓட, பின்னால் தண்ணீர் ஆப்பு போல விரியும். லித்தியம் நையோபேட் பளிங்குக்குள் நடப்பதும் இதுதான். 800 நானோமீற்றர் லேசர் துடிப்பு அங்கே, தானே எழுப்பும் டெராஹேர்ட்ஸ் அலையைவிட (நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட அலை) இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதால், அலை ஏறத்தாழ 63 பாகை சரிந்து பக்கவாட்டில் போய்விடுகிறது. சரி, என்ன செய்யலாம்? துடிப்பின் முகப்பையே அதே 63 பாகைக்குச் சரித்துவிடுங்கள், அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வலுக்கும். ஹெப்லிங் குழு 2002 இல் சொன்ன வழி இது.

முகப்பைச் சரிப்பது கிரேட்டிங், அதாவது நெருக்கமான நுண்கோடுகள் கீறிய தகடு. அப்புறம் ஒரு அரை அலைத்தகட்டால் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அதிரும் திசையை, பளிங்கின் அச்சுக்குத் திருப்பி, வில்லையால் கிரேட்டிங்கின் பிம்பத்தைப் பளிங்குக்குள் விழுத்த வேண்டும். ஆறுதலாகச் செய்ய வேண்டிய இடம் இது, பிம்பம் கொஞ்சம் முன்பின் போனாலே துடிப்பு நீண்டு, சிக்னல் படுத்துவிடும். லேசர், பளிங்கின் வெளியேறும் முகத்தை ஒட்டியே போகட்டும், ஏனென்றால் பளிங்கே டெராஹேர்ட்ஸை உறிஞ்சும். குளிரவைத்தால் அந்த இழப்புக் குறையும்.

நம் மட்டக்களப்புக் காற்றின் ஈரம் பெரிய எதிரி. நீராவி டெராஹேர்ட்ஸை விழுங்கும், ஆகவே பாதை முழுவதையும் பெட்டியால் மூடி உலர்ந்த நைதரசன் விடுங்கள்.

800 நானோமீற்றர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல், மோதிரம் கழற்றாமல் மேசைக்குக் கிட்டப் போகவே வேண்டாம்.