கோயிலுக்குப் புதிதாக வருபவரிடம் நாம் செய்யும் தவறுகள்

பாமாலைப் பாட்டின் எண்ணை அறிவித்ததும் கோயிலே எழுந்து நிற்கிறது. கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் கொஞ்சம் பிந்தி எழுகிறார். முழங்காற்படியிடும்போதும் அப்படித்தான். சுற்றியிருப்பவர்களோ ஜெபப் புத்தகத்தைத் திறக்காமலே முழு முறைமையையும், அதாவது ஆராதனை ஒழுங்கையும், சொல்லக்கூடியவர்கள். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழியில் வந்த நம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பழகிப்போன காட்சி இது.

உடனே கமிட்டியில் ஒரு குரல் எழும்: "முறைமை பழசு, அதான் ஆள் ஒட்டமாட்டேங்குது. பாவ அறிக்கையைச் சுருக்கிட்டு டிரம்ஸ் வைப்போம்." என்னைக் கேட்டால் முதல் தவறே இதுதான். டிரம்ஸ் வேண்டுமென்றால் அவர் வீட்டுத் தெருவிலேயே ஒரு ஜெப வீடு இருந்திருக்கும். பாவ அறிக்கை, வேதபாடம், விசுவாசப் பிரமாணம், திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறுவது) என்று போகும் வரிசையில், மனம் சோர்ந்து வந்தவர் தானாக வார்த்தை தேட வேண்டியதில்லை. பிரசங்கம் சுமாராக இருந்தாலும் (இருப்பதும் உண்டு) அந்த ஜெபங்கள் அவரைத் தாங்கும். ஆனால் எந்தப் பக்கம் என்று யாராவது காட்ட வேண்டுமே?

ஜெபப் புத்தகம், பாமாலை, கீர்த்தனை, வேதாகமம் என்று நான்கை மடியில் வைத்துவிட்டுப் போவது உபசரிப்பு ஆகாது. பக்கத்தைத் திறந்து கொடுங்கள். அன்றைய சங்கீதம் எது என்பது அல்மனாக் (திருச்சபை நாட்காட்டி) பார்த்தவருக்குத்தான் தெரியும், அதையும் சொல்லுங்கள். ஆயர் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துச் சமாதானம் கொடுக்கும் நேரம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் எல்லாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-ல் அது தயாரித்த திருவிருந்து முறைமையில், கேரளத்துச் சுரியானி சபைகளின் வழக்கத்தைப் பின்பற்றி, சமாதானம் பீடத்திலிருந்து கைமாறிக் கைமாறி ஒவ்வொரு வரிசைக்கும் வர ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கை புதியவரைத் தாண்டிப் போய் இரண்டு இடம் தள்ளி இருக்கும் சித்தப்பாவைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

திருவிருந்துக்கு யார் வரலாம் என்று சொல்லாமல் விடுவதும் தவறு. திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெறாதவர் முன்னால் வந்து ஆசீர்வாதம் வாங்கலாமா, வேறு சபையில் திருவிருந்து எடுப்பவர் வரலாமா? உங்கள் சபை வழக்கம் எதுவோ அதை ஆயர் முன்னாலேயே அறிவித்துவிட்டால், பீடத்துக்குப் போக முதல் பந்தி எழும்போது ஒருவர் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல நினைப்பது. வாசலில் கைகுலுக்கியதும் நாம் கேட்பது என்ன? "சொந்த ஊர் எது?" அப்புறம், "அங்க யார் வீடு?" ஊரையும் வீட்டையும் வைத்துச் சாதியைக் கணக்குப் போட நமக்கு அரை நிமிடம் போதும். அன்பாகத்தான் கேட்டோம் என்போம். கேட்கப்பட்டவருக்குக் கேள்வி எங்கே போகிறது என்று நன்றாகவே தெரியும். கோயிலுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கை வாசலில் நின்று போடுகிறோம். "சாப்பிட்டீங்களா, எந்தப் பக்கம் குடியிருக்கீங்க, பஸ்ஸா வண்டியா?" பேச இது போதாதா?

சின்னத் தவறுகளும் உண்டு. அறிவிப்பு நேரத்தில் "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பது கூச்ச சுபாவக்காரருக்குத் தண்டனை. முதல் வாரமே சந்தா கவரை நீட்டாதீர்கள். ஆண்கள், பெண்கள் தனித்தனியாக உட்காரும் கோயில் என்றால் அதை உள்ளே நுழையும்போதே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு எழுப்பக் கூடாது. கமிட்டித் தேர்தல் சண்டையை அவர் காதில் போடவே போடாதீர்கள்.

மறுவாரம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) எந்தத் தேதி என்று நேரிலேயே சொல்லி அழையுங்கள். இலை போடும்போது அவரைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டுப் பரிமாறப் போய்விடாமல், பக்கத்திலேயே நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.