முதல் விமானப் பயணம் டெல்லிக்கா? டிக்கெட் எடுப்பதிலிருந்து ஊர் திரும்புவது வரை

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இதுவரை விமானம் ஏறாதவர்கள் இரண்டு இரவு தங்கி மூன்றாம் நாள் திரும்பும்படி இந்தத் திட்டம். சுற்றுலா வண்டிகள் இந்தியா கேட்டில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓட்டிக் காட்டும், அது வேண்டாம். சுல்தான்கள், முகலாயர், ஆங்கிலேயர் என்று ஊர் கட்டப்பட்ட வரிசையிலேயே பாருங்கள். அப்போதுதான் ஒவ்வோர் ஆட்சியும் முந்தையதற்குப் பக்கத்தில் தனக்கென ஒரு தலைநகரை எழுப்பிக்கொண்டது கண்ணுக்குப் புலப்படும்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாமே மூடியிருக்கும். செவ்வாய் போய் வியாழன் திரும்புவது நல்லது. ஆகஸ்ட் முதல் பாதியைத் தவிருங்கள்; சுதந்திர தின ஏற்பாட்டுக்காகச் செங்கோட்டையைச் சில நாள் முன்பே மூடிவிடுவார்கள். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகை, சாலைத் தடுப்புகள். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும். அப்போது போவதென்றால் நண்பகல் விமானமாக எடுங்கள். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் எங்கள் தேர்வு.

படி 2: டிக்கெட்டில் பெயர்

நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஆதாரில் உள்ள எழுத்துகளையே டிக்கெட்டிலும் போடுங்கள். இனிஷியல் மட்டும் உள்ளவர்கள் முதல் பெயருக்கான கட்டத்தில் சொந்தப் பெயரையும், கடைசிப் பெயருக்கான கட்டத்தில் இனிஷியலையும் போடலாம். சில தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காது. அங்கே அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். சிக்கல் வருவது வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவதாலும் எழுத்துப் பிழையாலும்தான். விமான நிலைய வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்ட பிறகே உள்ளே விடுவார். பிழை தெரிந்தால் அன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்துங்கள்.

டிக்கெட்டில் டெர்மினல் (விமான நிலையக் கட்டடம்) எண்ணையும் பாருங்கள். டெல்லியில் டெர்மினல் 1 தனியாகத் தள்ளி இருக்கிறது. திரும்பும்போது 3-க்குப் போய் நின்றுகொண்டு 1-க்கு ஓடுபவர்கள் உண்டு.

படி 3: பெட்டி கட்டுவது

பெரும்பாலான சாதாரண டிக்கெட்டுகளில் கையோடு 7 கிலோ, செக்-இன் பெட்டியில் (கவுன்ட்டரில் ஒப்படைத்து, இறங்கியதும் வாங்கிக்கொள்ளும் பெட்டி) 15 கிலோ. கூடுதல் எடைக்குக் கவுன்ட்டரில் கிலோ கணக்கில் வாங்குவார்கள், அது அதிகம். வீட்டிலேயே எடை பாருங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம். சரக்கு அறையில் முடியாது. 20,000 எம்.ஏ.எச். வரை கவலை இல்லை. கத்தி, கத்தரிக்கோல், பிளேடு செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். தீப்பெட்டியும் லைட்டரும் இரண்டிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படியே. அதன் எண்ணெய் எளிதில் தீப்பற்றும். ஊறுகாய், மிளகாய்ப் பொடி கைப்பையில் இருந்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள். இட்லி, சப்பாத்தி, எலுமிச்சை சாதம் தாராளமாகக் கொண்டுபோகலாம். சாம்பார், தயிர் வேண்டாம்.

படி 4: விமான நிலையத்தில்

முந்தின நாளே இணையத்தில் வெப் செக்-இன் (வருவதை உறுதிசெய்து இருக்கை எடுப்பது) செய்துவிடுங்கள். இருக்கைக்குப் பணம் கேட்டால், கட்டணமில்லாத இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜன்னல் வேண்டுமானால் காலை விமானத்தில் இடப்பக்கம் எடுங்கள். வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும். நடு வரிசைகளில் இறக்கை கீழே உள்ளதை மறைக்கும்.

புறப்படும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்னால் சேருங்கள். பெட்டி போடும் கவுன்ட்டர் 60 நிமிடம் முன்பும், கேட் (விமானத்துக்குள் ஏறப் போகும் வாசல்) 25 நிமிடம் முன்பும் மூடிவிடும். டிக்கெட்டில் 10.00 என்றிருந்தால் உங்களுக்கு அது 9.35 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான்: வாசலில் அடையாள அட்டை, கவுன்ட்டரில் பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸும் (விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு) பெட்டிச் சீட்டும், பிறகு பாதுகாப்புச் சோதனை. அங்கே போன், பவர் பேங்க், லேப்டாப்பைத் தனியே எடுத்துத் தட்டில் வையுங்கள். காலித் தண்ணீர் பாட்டிலை உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். பல விமான நிலையங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. கேட் எண் கடைசி நேரத்தில் மாறவும் கூடும். திரையை அவ்வப்போது பாருங்கள்.

படி 5: காது

இறங்கத் தொடங்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் கூடும். நடுக்காதில் அழுத்தம் குறைவாகவே இருப்பதால் செவிப்பறை உள்ளே இழுபடும். காது அடைத்து வலிக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். தூங்குபவரை இறங்குவதற்கு அரை மணி முன்பே எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. கடும் சளி இருந்தால் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

படி 6: முதல் நாள், குதுப் மினார்

டெர்மினல் 3-லிருந்து ஏர்போர்ட் மெட்ரோவில் புது டெல்லி நிலையத்துக்குச் சுமார் 20 நிமிடம். டெர்மினல் 1-க்கு மெஜந்தா லைன். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். குடும்பமாக வந்தாலும் ஆண்கள் அதில் ஏறக் கூடாது. ரயில் நிலையத்தை ஒட்டி "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டார்கள், வேறு காட்டுகிறேன்" என்பவரோடு போகாதீர்கள். ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள்.

பையை வைத்துவிட்டு மஞ்சள் லைனில் குதுப் மினார் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. சூரியன் மறையும்வரை திறந்திருக்கும். டெல்லி சுல்தான்கள் எழுப்பிய 72.5 மீட்டர் கோபுரம் இது. அடுக்குக்கு அடுக்கு கல்லின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள்: குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், மின்னல் தாக்கிய பிறகு பெரோஸ் ஷா துக்ளக் மேல்பகுதியைப் பளிங்கு சேர்த்துக் கட்டினார். பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது, 6 டன்னுக்கு மேல் எடை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மேலே ஒரு காப்புப் படலம் படிந்து துரு ஏறாமல் காக்கிறது.

படி 7: இரண்டாம் நாள், முகலாயர்

காலையிலேயே ஹுமாயூன் கல்லறை. வயலட் லைனில் ஜே.எல்.என். ஸ்டேடியம் இறங்கி ஆட்டோ. தாஜ் மகாலுக்கு முன்னோடி இது. 1570 வாக்கில் கட்டி முடிந்தது. அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

அதே வயலட் லைனில் லால் கிலா நிலையம் இறங்கினால் செங்கோட்டை. ஷாஜகான் 1648-ல் முடித்த கோட்டை. 1857-ல் ஆங்கிலேயர் டெல்லியைப் பிடித்ததும் கடைசி முகலாயர் பகதூர் ஷா இங்கிருந்து ஹுமாயூன் கல்லறைக்குத்தான் போய் ஒளிந்தார். பிடித்துவந்து இதே கோட்டையில் விசாரித்தார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறோம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான வழக்கும் 1945-ல் இங்கேதான் நடந்தது. அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் நிறையப் பேர்.

டிக்கெட்டை முதலிலேயே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். ஆட்டோக்காரர் "இன்று மூடல்" என்று கடைக்குத் திருப்பப் பார்த்தால் இறங்கிவிடுங்கள். மாலை ஜாமா மசூதி. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். முழங்காலும் தோளும் மறையும் உடை வேண்டும்.

படி 8: மூன்றாம் நாள், புது டெல்லி

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக 1911-ல் அறிவித்த ஆங்கிலேயர், 1931-ல் புது டெல்லியைத் திறந்துவைத்தனர். மத்தியச் செயலக மெட்ரோவில் இறங்கி, கர்த்தவ்ய பாதையில் இந்தியா கேட் வரை நடங்கள். வெயில் ஏறினால் தேசிய அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம்.

மாலை விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் டெர்மினலில் இருங்கள். டெல்லியில் சோதனை வரிசை நீளம், டெர்மினல் 3-ல் கேட்டுக்கு நடக்கவே 15 நிமிடம் ஆகலாம். சென்னையில் இறங்கியதும் பெட்டியைப் பெட்டிச் சீட்டு எண்ணோடு ஒப்பிட்டு எடுங்கள். வரவில்லை என்றால் வெளியே போய்விடாமல், பெட்டிகள் வரும் பெல்ட் பக்கத்திலேயே விமான நிறுவனக் கவுன்ட்டரில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.