உளவியல், பொறியியல்: ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீட்டைத் தொகுத்துப் படிப்பது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் பொறியியலிலும் என்னென்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்று தொகுத்துத் தரும் வேலை உங்களிடம் வந்திருக்கலாம். நீங்கள் நூலகராக இருக்கலாம், முனைவர் பட்ட மாணவராக இருக்கலாம், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று யோசிப்பவராகவும் இருக்கலாம். இணைய வசதியும் எக்செல் போன்ற ஒரு விரிதாளும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த இரண்டு துறைகளும் வெளியிடும் முறையே வேறு. ஒரே அளவுகோலை வைத்தால் ஏதோ ஒன்றுக்கு அநீதி நடக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நடக்கும் ஆய்வுகள் எந்தப் பட்டியலிலும் வராமல் போவது. கீழே 5, 6ஆம் படிகளை நான் நீளமாக எழுதியிருப்பது அதனால்தான்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"உளவியல் துறையில் பணிபுரிபவர்கள் வெளியிட்டவை" என்பது ஒரு கேள்வி. "உளவியல் பற்றி இப்பல்கலைக்கழகத்தில் யார் எழுதியிருந்தாலும்" என்பது வேறொரு கேள்வி. மேலாண்மைப் பள்ளியில் உளவியலாளர் இருப்பார், மருத்துவக் கல்லூரியில் பொறியாளர் இருப்பார். எதைக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு நல்ல அளவு. மேற்கோள்களையும் (ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதையும்) பார்ப்பதாக இருந்தால் கடைசி இரண்டு ஆண்டுகளை விட்டுவிடுங்கள். புதிய கட்டுரைகளை மற்றவர்கள் படித்து, எழுதி, அது அச்சேறக் காலம் பிடிக்கும்.

படி 2: பல்கலைக்கழகத்தின் அடையாள எண்ணைப் பிடியுங்கள்

பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரை ஆசிரியர்கள் பலவிதமாக எழுதுவார்கள்: சுருக்கமாக, பழைய பெயரில், வளாகத்தின் பெயரோடு. ஆர்ஓஆர் என்ற இலவசப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்துக்கும் 9 எழுத்து–எண் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. அது எப்போதும் 0இல் தொடங்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைந்த மருத்துவமனைகள், ஆய்வு மையங்களுக்குத் தனி எண் இருந்தால் சேர்ப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுங்கள்.

படி 3: பட்டியலை இறக்குங்கள்

ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் தொகுக்கும் தரவுத்தளங்களில் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டுக்கும் சந்தா வேண்டும். புதியவர்களுக்கு நான் ஓப்பன்அலெக்ஸைச் சொல்வேன். 2021 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அகாடமிக் என்ற இலவசத் தேடல் சேவை மூடப்பட்டதும் அந்த இடத்தை நிரப்ப 2022இல் வந்த திறந்த தரவுத்தளம் அது. நிறுவனத்தையும் ஆண்டையும் வடிகட்டியில் கொடுத்தால் பட்டியல் வரும், அதை விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். தலைப்பு, ஆண்டு, ஆசிரியர்கள், அவர்களின் நிறுவனம், வெளியான இதழ், வகை, டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான அடையாளக் குறியீடு), மேற்கோள் எண்ணிக்கை ஆகியவை கட்டாயம் வேண்டும்.

வெப் ஆஃப் சயின்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மாநாட்டுக் கட்டுரைகளுக்குத் தனித் தொகுதி இருக்கிறது. உங்கள் நூலகச் சந்தாவில் அது இல்லையென்றால், மின்னணுவியல், கணினிப் பொறியியல் ஆசிரியர்கள் எழுதியதில் பெரும்பகுதி உங்கள் கண்ணிலேயே படாது. அவர்கள் முக்கியமானவற்றை மாநாடுகளில்தான் வெளியிடுகிறார்கள். கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் பக்கம் ஆய்விதழ்களின் பங்கு அதிகம். ஆக, பொறியியல் என்பதே ஒரே மாதிரியான துறை இல்லை.

படி 4: சுத்தம் செய்யுங்கள்

டிஓஐ நெடுவரிசை முழுவதையும் சிறிய எழுத்துக்கு மாற்றுங்கள். டிஓஐயில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது, ஆனால் தரவுகளில் இரண்டு விதமாகவும் பதிவாகியிருக்கலாம். மாற்றிய பிறகு இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள்.

டிஓஐ வேறுபட்டாலும் ஒன்றேயான கட்டுரைகள் இருக்கும். உளவியலில் சைஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிய ப்ரீபிரிண்ட்டும் (இதழில் வருவதற்கு முந்தைய வடிவமும்) பிறகு ஆய்விதழில் வந்த வடிவமும் தனித்தனி வரிகளாக வரலாம். தலைப்பை வரிசைப்படுத்திப் பார்த்தால் அடுத்தடுத்து நிற்கும். இறுதி வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியலில் மாநாட்டுக் கட்டுரை விரிவாக்கப்பட்டு ஆய்விதழில் வரும் வழக்கம் உண்டு. அதில் புதிய சோதனைகள் சேர்ந்திருக்கும் என்பதால் இரண்டையும் எண்ணுவதே நியாயம் என்பது என் கருத்து.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை மறக்காதீர்கள். டச்சு சமூக உளவியலாளர் டீடெரிக் ஸ்டாபெல் தரவுகளைப் புனைந்தது 2011இல் வெளிவந்தது, அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அப்படிப்பட்டவை எண்ணிக்கையில் நுழைந்தால் உங்கள் தொகுப்பே பொய்யாகும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் டிஓஐ வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் டிஓஐ பட்டியலை அதோடு ஒப்பிடுங்கள்.

படி 5: துறை பிரியுங்கள்

இரண்டு வழி இருக்கிறது. ஸ்கோபஸ் இதழுக்குத்தான் குறியீடு தருகிறது, கட்டுரைக்கு அல்ல. பொறியியலுக்கு 22இல் தொடங்கும் குறியீடுகள், உளவியலுக்கு 32இல் தொடங்குபவை. ஓர் இதழுக்கு என்ன குறியீடோ அதில் வரும் எல்லாக் கட்டுரைகளுக்கும் அதுவே. ஓப்பன்அலெக்ஸ் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்து இயந்திர முறையில் பொருள்வாரிப் பிரிவு ஒதுக்குகிறது. முதல் வழி பல்துறை இதழ்களில் தடுமாறும். இரண்டாவது வழி, சுருக்கம் இல்லாத கட்டுரைகளில் தடுமாறும். எதை எடுத்தாலும், ஒவ்வொரு துறையிலும் ஐம்பது வரிகளையாவது குலுக்கல் முறையில் எடுத்து நீங்களே படித்துச் சரிபாருங்கள். இந்த வேலைக்கு மாற்றே கிடையாது.

ஸ்கோபஸ் குறியீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனிதக் காரணிகளும் பணிச்சூழலியலும் என்ற பிரிவின் எண் 3307. அது சமூக அறிவியலின் கீழ் வருகிறது. மனித–கணினி ஊடாட்டத்தின் எண் 1709, அது கணினி அறிவியலின் கீழ். உளவியலும் பொறியியலும் கைகோக்கும் இந்த இரண்டு பிரிவுகளுமே உளவியலிலும் இல்லை, பொறியியலிலும் இல்லை! இதழுக்குக் கூடுதலாக இன்னொரு குறியீடு தரப்பட்டிருந்தால் கட்டுரை தப்பும். இல்லையென்றால் 22, 32 என்று மட்டும் வடிகட்டுபவரின் வலையில் அது சிக்கவே சிக்காது.

படி 6: இடைப்பட்ட ஆய்வுகளைத் தனியாகத் தேடுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகள் செய்த பிழைகளை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1947இல் அலசினார். மொத்தம் 460 சம்பவங்கள். ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிலாக இன்னொன்றை இயக்கியதே அவற்றில் பெரும்பங்கு. விமானிகளைத் திட்டிப் பயனில்லை, கருவிகளின் அமைப்பை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. அதே ஃபிட்ஸ் 1954இல் உளவியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்த விதியைத்தான், திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக, எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு உளவியலாளர் லிக்லைடர், மனிதனும் கணினியும் இணைந்து சிந்திப்பது பற்றிய தன் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையை மின்னணுப் பொறியியல் இதழில்தான் வெளியிட்டார். இதழை வைத்து மட்டும் பிரித்தால் ஃபிட்ஸ் வெறும் உளவியல், லிக்லைடர் வெறும் பொறியியல்.

உங்கள் பட்டியலிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, உளவியல் ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலையும் பொறியியல் ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலையும் துறைப் பக்கங்களிலிருந்து எடுத்து, இரண்டிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்கும் கட்டுரைகளைத் தனித்தாளுக்கு மாற்றுங்கள். ஒரே பெயருடையவர்களால் குழப்பம் வந்தால் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தனக்கெனப் பெறக்கூடிய 16 இலக்க ஆர்கிட் எண் கைகொடுக்கும். இரண்டாவது, சொல் தேடல். ஓட்டுநரின் கவனம், மனச்சுமை, தானியங்கி வாகனங்கள் மீதான நம்பிக்கை, மூளை–கணினி இடைமுகம், முதியோருக்கு உதவும் ரோபோ போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடுங்கள். 3307, 1709 குறியீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கட்டுரைகளை உளவியலோடோ பொறியியலோடோ ஒட்டவைக்காதீர்கள். மூன்றாவது பிரிவாகவே காட்டுங்கள்.

படி 7: எண்ணுங்கள், இரண்டு விதமாக

முழு எண்ணிக்கையில், உங்கள் பல்கலைக்கழகத்தவர் ஒருவர் இருந்தாலே கட்டுரைக்கு 1. பங்கு எண்ணிக்கையில், ஐந்து ஆசிரியர்களில் இருவர் உங்களவர் என்றால் 0.4. விரிதாளில் ஒரு வகுத்தல் போதும்.

இரண்டும் ஏன் தேவை? 2015இல் சயின்ஸ் இதழில் வெளியான உளவியல் மறுசோதனைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருந்தன, மறுசோதனையில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கட்டுரைக்கு 270 ஆசிரியர்கள். ஒருவரை மட்டும் அனுப்பிய பல்கலைக்கழகத்துக்கு முழுக் கணக்கில் 1, பங்குக் கணக்கில் 270இல் ஒன்று. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் படிப்பவருக்கு உண்மை நிலவரம் புரியும்.

படி 8: மேற்கோள்களை அந்தந்தத் துறைக்குள் ஒப்பிடுங்கள்

மொத்த மேற்கோள்களை வைத்து உளவியலையும் பொறியியலையும் ஒப்பிடவே கூடாது. மேற்கோள் பட்டியலின் நீளம், கட்டுரை பழசானாலும் மேற்கோள் பெறும் காலம் எல்லாமே வேறு. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீட்டையும் (குறைந்தது எச் மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் எச் இருந்தால் அந்த எண்) துறைதாண்டி ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள்.

அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலக சராசரியால் வகுத்த அளவைப் பாருங்கள். 1 என்றால் சராசரி. உதாரணமாக, ஒரு கட்டுரைக்கு 12 மேற்கோள், அதன் வகைச் சராசரி 8 என்றால் 1.5. ஓப்பன்அலெக்ஸும் ஸ்கோபஸும் இந்த அளவைக் கணக்கிட்டே தருகின்றன. ஆனால் ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரை மொத்த சராசரியைத் தூக்கிவிடும். அதனால், துறையில் அதிகம் மேற்கோள் பெற்ற முதல் 10 சதவீதத்தில் எத்தனை கட்டுரைகள் என்ற எண்ணையும் சேருங்கள். பல்கலைக்கழகங்களை ஒப்பிடும் லெய்டன் தரவரிசை இதைத்தான் முக்கிய அளவாக வைத்திருக்கிறது.

படி 9: கட்டுரை அல்லாதவை

பொறியியலில் காப்புரிமைகளை எஸ்பாசெனட் என்ற இலவசக் காப்புரிமைத் தேடல் தளத்தில் விண்ணப்பதாரர் பெயரில் தேடலாம். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் விண்ணப்பித்திருப்பார்கள். அதை ஒரு குடும்பமாக, ஒரே ஒரு முறை எண்ணுங்கள். உளவியலில் அளவீட்டு வினாப்பட்டியல்கள், திறந்த தரவுத்தொகுதிகள், முன்பதிவு செய்த ஆய்வுத் திட்டங்கள் (தரவு சேகரிக்கும் முன்பே பொதுவில் பதிவு செய்தவை) ஆகியவற்றைப் பாருங்கள். பல ஆய்வு முடிவுகள் மறுசோதனையில் நிற்கவில்லை என்று தெரியவந்த மறுசோதனை நெருக்கடிக்குப் பிறகு உளவியலாளர்கள் முன்பதிவில் காட்டும் அக்கறை உண்மையான உழைப்பு. அது எண்ணிக்கையில் வர வேண்டும்.

படி 10: எழுதி, உரியவர்களிடம் காட்டுங்கள்

தரவு இறக்கிய தேதி, பயன்படுத்திய தளம், சேர்த்த வகைகள், விட்ட வகைகள், துறை பிரித்த முறை எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இல் வெளியான லெய்டன் அறிக்கையின் 10 கொள்கைகளில் ஒன்று, மதிப்பிடப்படுபவர்கள் தங்கள் தரவைச் சரிபார்க்க இடம் தர வேண்டும் என்பது. மூன்று பிரிவுகளின் பட்டியலையும் ஆசிரியர்களுக்கு அனுப்பி இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். விடுபட்டவை என்று அவர்கள் சொல்லும் கட்டுரைகளை டிஓஐ வைத்துச் சரிபார்த்துச் சேருங்கள். எதைச் சேர்த்தீர்கள், எதை ஏன் சேர்க்கவில்லை என்று அதே விரிதாளில் ஒரு தனித்தாளில் குறித்து வையுங்கள்.